பட நூல் வாசகர் கருத்தியல்: மூன்று சூத்திரமும் உரையும்

பாயிரம்

ஒரு நூலின் பாயிரத்தில் சொல்லியாக வேண்டியவை என்று நன்னூல் எட்டைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் ஒன்று ‘கேட்போர்’. நூல் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்றைய சிறுவர் பட நூல்கள் இந்த விதியைப் பின்னட்டையில் ‘3+’ என்று எழுதி நிறைவேற்றிவிடுகின்றன. அந்த மூன்று வயதுக்காரர் நூலைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை ஆராய்ந்த ஏடு எதுவும் இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை. காரணம் வெளிப்படை. அவ்வாசகர் தம் கருத்தை எழுத்தில் தருவதில்லை. தந்தாலும் நூலின் மீதே எழுதிவிடுகிறார். நூலகர் அபராதம் போட்டுவிடுகிறார்.

அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நூலுக்குப் பத்துக் குற்றம், பத்து அழகு, 32 உத்தி என்று வகுத்தார். மேலைநாட்டுப் பட நூலுக்குப் பெரும்பாலும் 32 பக்கம். தாளை மடித்து வெட்டினால் எட்டு, பதினாறு என்றுதான் பக்கம் விழும் என்று அச்சகத்தார் ஏதோ காரணம் சொல்வார்கள். உத்திக்கு ஒரு பக்கமாக முனிவர் முன்பே ஒதுக்கிவிட்டார் என்பது இவ்வாய்வாளர் துணிபு. மறுப்போர் மறுக்கலாம்; கணக்கு சரியாக வருகிறது.

ஆய்வுக்களங்கள்: எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடி, ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறை, சென்னைப் புத்தகக் காட்சியின் சிறுவர் அரங்குகள், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவு. ஆய்வுக்கு உட்பட்டோர் எண்ணிக்கை தரப்படவில்லை. எண்ணத் தொடங்கினால் யாராவது ஒருவர் மேசைக்கு அடியில் போய்விடுகிறார்.

முதற் சூத்திரம்

கடித்தல் கிழித்தல் கிறுக்கல் முகர்தல்
மறுபடி கேட்டல் எழுந்து போதலென
ஆறே கருத்துரை மழலையர்க் குளவே.

என்பது சூத்திரம். இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், வாசகர் கருத்தின் வகையும் தொகையும் உணர்த்துதல் நுதலிற்று.

கடித்தல் முதற்கண் வைக்கப்பட்டது, பல்லுக்கு முன்பே ஈறு வருவதால். கெட்டி அட்டை நூல் ஒன்றைப் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பரிசோதிக்க முடிந்தது. (அவர் அதை அங்கே வைத்திருப்பது தொழில் உத்தியா என்று கேட்கவில்லை.) வலப்பக்கக் கீழ் மூலை நாலு அடுக்காகப் பிரிந்து, ஈரம் காய்ந்து, வெற்றிலைக் காம்பை மென்று துப்பியது மாதிரி இருந்தது. அந்த மூலையில் நின்றிருந்த வாத்துக்கு இப்போது கால் இல்லை. மற்ற மூன்று மூலைகளிலும் சேதம் குறைவு. ஆகவே இதைப் பசியால் செய்த காரியம் என்று தள்ளிவிட முடியாது. வாத்துதான் இலக்கு.

நன்னூல் மாணாக்கரை எண்வகையாகப் பிரிக்கிறது. அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியவை கடை. ஆடு ஒரு செடியிலும் நிலைக்காமல் அங்கொரு வாய் இங்கொரு வாய் மேய்வதால் கடைமாணாக்கர் ஆயிற்று. இந்த வரிசையை ஏற்பதற்கு ஒரு தடை இருக்கிறது. ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ என்ற பட நூலை 1963-இல் எழுதி வரைந்த அமெரிக்கர் மாரிஸ் செண்டாக், தமக்குக் கடிதம் எழுதிய ஒரு சிறுவனுக்குப் பதில் அட்டையில் படம் ஒன்றும் வரைந்து அனுப்பினார். சிறுவனின் தாயிடமிருந்து மறுகடிதம் வந்தது: பையனுக்கு அட்டை மிகவும் பிடித்துவிட்டதாம், தின்றுவிட்டானாம். அது ஓவியரே வரைந்த மூலப் படம் என்பதெல்லாம் அவனுக்குப் பொருட்டே இல்லை. தமக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டுகளுள் ஒன்றாக இதைச் செண்டாக் கடைசிவரை சொல்லிவந்தார். ஆடு தலைமாணாக்கர் வரிசைக்கு உயர்த்தப்படுகிறது. சாகித்திய அகாதெமி சிறுவர் இலக்கியத்துக்காக 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் வழங்கிவருகிறது. நடுவர் எவரும் நூலைத் தின்றதாகச் செய்தி இல்லை.

அடுத்து, கிழித்தல். இது வெறுப்பின் அடையாளம் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். எரிக் ஹில் 1980-இல் வெளியிட்ட ‘வேர்ஸ் ஸ்பாட்?’ நூல் அந்த எண்ணத்தைத் தகர்க்கிறது. நாய்க்குட்டியைக் காணோம், தாய் நாய் வீடெங்கும் தேடுகிறது, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மடிப்புக் கதவு, திறந்தால் உள்ளே வேறு ஏதோ விலங்கு. கதவுக்குப் பின்னால் கரடி, கடிகாரத்துக்குள் பாம்பு, மாடிப்படிக்குக் கீழே சிங்கம், கட்டிலுக்கு அடியில் முதலை. கடைசியில் கூடைக்குள் நாய்க்குட்டி. பல கைகள் மாறிய ஒரு பிரதியில் முதலைக் கட்டிலின் மடிப்பு அடியோடு போயிருந்தது. சிங்கத்தின் மாடிப்படியைப் பசைநாடா போட்டு இரண்டு முறை ஒட்டியிருந்தார்கள். கூடையின் மூடி மட்டும் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. நூலாசிரியரும் தாய் நாயும் நாய்க்குட்டியைத் தேடுகிறார்கள், வாசகர் முதலையைத் தேடுகிறார். கிடைத்ததும் ஆராய்ச்சியை நிறுத்திவிடுகிறார். கிழிசலின் ஆழமே கதையின் உச்சத்தைக் காட்டும் அளவுகோல்.

கிறுக்கல் மழலையர்க்கே உரியது என்று சூத்திரம் சொன்னாலும் அதற்குப் புறனடை உண்டு. அதே செண்டாக்கின் ‘இன் த நைட் கிச்சன்’ 1970-இல் வந்தது. அதில் மிக்கி என்ற சிறுவன் சில பக்கங்களில் உடையில்லாமல் இருக்கிறான். கனவில் மாவுக்குள் விழுகிற பிள்ளைக்கு உடை எதற்கு என்று பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை. அமெரிக்க நூலகர்கள் சிலர் கேட்டார்கள். வண்ணத்தை எடுத்து மிக்கிக்குத் தாங்களே ஜட்டி வரைந்துவிட்டார்கள். நூலகப் புத்தகத்தில் கிறுக்கினால் அபராதம் என்ற விதி அன்று யாருக்கு எதிராகச் செயல்பட்டிருக்க வேண்டும் என்பதைச் சட்டம் படித்தோர் ஆராய்க.

முகர்தல் வகையைச் சென்னைவாசிகள் சிறப்பாக ஆராயலாம். இங்குள்ள தாரா புக்ஸ் 2006-இல் வெளியிட்ட ‘த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலைப் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி என்ற கோண்டு ஓவியர்கள் வரைந்தார்கள். கறுப்புத் தாளில் ஒவ்வொரு பக்கமும் கையால் திரை அச்சிட்டது. 2008-இல் போலோனியாப் பரிசும் பெற்றது. திறந்தவுடன் மை வாசனை மூக்கில் ஏறும். அந்தப் பிரதியை வாங்குகிற பெரியவர்கள் எல்லாரும் முகர்ந்து பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு எட்டாத மேல்தட்டில் வைக்கிறார்கள். பிள்ளை நாற்காலி இழுத்துப் போட்டு ஏறுகிறது. சோவியத் நாட்டுப் பட நூல்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சிகளில் வாங்கி வளர்ந்த தலைமுறை, இன்றும் அந்த நூல்களின் கதையை மறந்துவிட்டு வாசனையைச் சொல்லும். 1991-க்குப் பிறகு வரத்து நின்றுபோனதில் மூக்குக்கு நேர்ந்த இழப்பைப் பொருளாதார வல்லுநர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுபடி கேட்டல் நன்னூலின் பசுவைச் சேர்ந்தது. பசு கண்ட இடத்தில் மேய்ந்துவிட்டு, பிறகு ஓரிடத்தில் படுத்து அசைபோடும். இந்த வாசகருக்கு நேற்று முடிந்த கதை இன்று முடியவில்லை. இரவு ஒன்பதரைக்கு, ‘இன்னும் ஒரே ஒரு வாட்டி’ என்று தொடங்கும் இந்த மதிப்புரை, ஐந்து நட்சத்திரத்துக்கு மேற்பட்டது. தூக்கக் கலக்கத்தில் தகப்பனார் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினால் மாட்டிக்கொள்வார்.

“அப்பா, எலி போச்சு.”

“எந்த எலிடா?”

“அந்தப் பக்கத்துல இருக்குமே, அந்த எலி. நீ விட்டுட்ட.”

எழுத்துத் தெரியாத ஒருவர் மூல பாடத்தை இவ்வளவு கறாராகக் காப்பதைச் சுவடிப் பதிப்புத் துறையில் மட்டுமே காணலாம்.

எழுந்துபோதலுக்கு உரை வேண்டாம். மூன்றாம் பக்கத்தில் நடக்கும். மேல்முறையீடு கிடையாது.

இரண்டாம் சூத்திரம்

வாங்கு வோரே வாசகர் அல்லர்
வாசகர் கையில் காசிலை யாகலின்
நீதி தேடுவர் நெடியோர் என்ப.

நெடியோர் என்றது திருமாலை அன்று. உயரத்தால் மூத்த பெற்றோரை. வாசகர் கையில் காசு இல்லாததால், அவர் சார்பில் கருத்துச் சொல்லும் உரிமையையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடந்துவருகிறது. பத்து விழுக்காட்டுத் தள்ளுபடி அதன் அடிப்படை உரிமை. அங்கே ஒரு சிறுவர் அரங்கின் முன் நின்று காதில் வாங்கிய உரையாடல்:

“இதுல கருத்து என்னங்க?”

“கருத்துன்னு… ஒரு பூனை தூங்குதும்மா.”

“அப்புறம்?”

“எழுந்திரிச்சிடும்.”

“அவ்ளோதானா? எழுத்தே இல்லையே, இதுக்கா நூத்தி இருபது ரூபா?”

இதற்கிடையில் இடுப்பளவு உயரமுள்ள உண்மையான வாசகர் தரையில் உட்கார்ந்து, பூனை எழுந்திரிக்கும் பக்கத்தை மறுபடியும் மறுபடியும் மூடித் திறந்துகொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. நூல் திரும்ப அடுக்குக்குப் போயிற்று. அதற்குப் பதில், பெருக்கல் வாய்பாடும் பழங்களின் பெயர்களும் அடங்கிய ஒரு பளபளப்பு நூல் வாங்கப்பட்டது. அதன் அட்டையில் ஆப்பிள் இருந்தது. வாசகர் எழுந்து போனார்.

இந்தப் போக்கு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று என்பதை ஒப்பியல் நோக்கில் நிறுவலாம். 1947-இல் உலகில் இரண்டு நிலாக்கள் உதித்தன. சென்னையில் ஜூலை மாதம் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அம்புலிமாமா ஒன்று. நியூயார்க்கில் மார்கரெட் வைஸ் பிரவுன் எழுத, கிளெமென்ட் ஹர்ட் படம் வரைந்த ‘குட்நைட் மூன்’ மற்றொன்று. இரண்டுக்கும் இடையே தொடர்பு எதுவும் இல்லை. ஆய்வேட்டில் ஓர் இயலாவது எழுதத்தக்க தொடர்பின்மை இது.

நியூயார்க் நிலாவை அந்நகரப் பொது நூலகத்தின் சிறுவர் பிரிவை நெடுங்காலம் ஆண்ட ஆன் கரோல் மூர் அம்மையாருக்குப் பிடிக்கவில்லை. அவர் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் ஓய்வு பெற்ற பின்னும் அலுவலகக் கூட்டங்களுக்கு வருகிற அதிகாரிகளை நமக்கும் தெரியும். 1972 வரை நூலகம் அந்நூலை வாங்கவில்லை. கால் நூற்றாண்டு. வெளியே வீடுகளில் பிள்ளைகள் அந்தப் பச்சை அறையில் பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறும் குட்டி எலியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 2020-இல் நூலகம் தன் வரலாற்றில் மிக அதிகமாக இரவல் போன பத்து நூல்களின் பட்டியலை வெளியிட்டபோது அதில் இந்நூல் இல்லை. இத்தனை ஆண்டு வாங்காமல் இருந்ததால்தான் விட்டுப்போயிற்று என்று தனிக் குறிப்பு ஒன்று சேர்த்தார்கள்.

உளவியல் அறிஞர் புருனோ பெட்டல்ஹைம் 1969-இல் செண்டாக்கின் ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ நூலைக் கண்டித்து ஒரு பெண்கள் இதழில் எழுதினார். தாய் பையனைச் சாப்பாடு இல்லாமல் படுக்க அனுப்புகிறாளே, பிள்ளை மனம் என்ன ஆகும் என்பது அவர் கவலை. சில தாய்மார்கள் சொல்லக் கேட்டு எழுதினாரே தவிர நூலைப் படிக்கவில்லை. முதற் சூத்திரத்தின் ஆறு வகையிலும் இது அடங்காது. குழந்தை ஒரு நூலைப் படிக்காமல் கருத்துச் சொன்னதாக எங்கும் சான்று இல்லை. குறைந்தது மூலையையாவது கடித்துப் பார்த்திருக்கும்.

சென்னை நிலாவுக்கு வருவோம். அம்புலிமாமாவில் மாதந்தோறும் விக்கிரமாதித்தன் உருவிய வாளோடு சுடுகாட்டில் நடந்தான். தோளில் பிணம், பிணத்துக்குள் வேதாளம், காலடியில் மண்டையோடு. ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போர்வைக்குள் ஒடுங்கி, அடுத்த மாதம் கடைக்காரரிடம் ‘வந்திடுச்சா?’ என்று நச்சரித்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். அவர்களே இப்போது பேரனுக்குப் புத்தகம் வாங்கும்போது, ‘பேய் கீய் இல்லாம நல்லதா ஒண்ணு குடுங்க’ என்கிறார்கள். வேதாளம் ஒவ்வொரு முறையும் கடினமான அறக் கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் மரத்துக்குத் திரும்பிற்று என்பதை நீதி தேடுவோர் வசதியாக மறந்துவிட்டனர்.

மூன்றாம் சூத்திரம்

உண்மை நூற்குக் கேள்வி மூன்றே
எத்துணைப் பெரிதது எவரை வெல்லும்
இன்னும் உளதோ என்மனார் சிறுவர்.

கதையல்லா நூல்களின் வாசகர் சற்று மூத்தவர். ஐந்து முதல் ஒன்பது வரை. கடிப்பதை நிறுத்திவிட்டார், திருத்தத் தொடங்கிவிட்டார்.

தமிழில் இத்துறையின் மலை, பெரியசாமித் தூரன் பொறுப்பில் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம். பத்துத் தொகுதி. மழைநாளில் வீட்டில் அடைபட்ட பிள்ளை எந்தத் தொகுதியை எங்கே திறந்தாலும் ஒரு விலங்கோ எரிமலையோ கிடைக்கும். இன்று ஒரு நிறுவனம் அதைத் தொடங்க வேண்டுமென்றால் முதலில் அதன் கருத்து என்ன என்று கேட்பார்கள்.

மூன்று கேள்விகளுள் முதலாவது அளவு. ‘நீலத் திமிங்கலம் 30 மீட்டர் வரை வளரும்’ என்று நூல் சொன்னால் வாசகர் ஏற்பதில்லை. மீட்டர் என்பது அவருக்குத் தையற்காரர் சமாசாரம். “நம்ம 29சி பஸ்ஸவிடப் பெருசா?” என்பார். ஆம், இரண்டு பேருந்தை வரிசையாக நிறுத்தினாலும் திமிங்கலம் மிஞ்சும். இந்த ஒரு வரியை நூலில் போட்டிருந்தால் ஆய்வாளர் வேலை மிச்சம்.

இரண்டாவது, யார் ஜெயிப்பார்கள். திமிங்கலமா டைனோசரா, புலியா சிங்கமா, கொமோடோ டிராகனா நம்ம வீட்டுப் பல்லிகள் ஆயிரமா. அறிவியல் நூல்கள் வாழிடம், உணவு, இனப்பெருக்கம் என்று போய்க்கொண்டே இருக்கும். இந்தக் கேள்வியின் பக்கமே வராது. அமெரிக்க எழுத்தாளர் ஜெர்ரி பலோட்டா மட்டும் இதை உணர்ந்து ‘ஹூ வுட் வின்?’ என்று ஒரு வரிசையே எழுதிக் குவித்தார். கல்வியாளர்களைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அந்த நூல்களின் முதுகு பிய்ந்திருப்பதே விடை.

மூன்றாவது, இன்னும் இருக்கிறதா. இதில்தான் அறிஞர்கள் பிள்ளைகளிடம் நன்றாக மாட்டிக்கொண்டார்கள். நியூயார்க்கின் ஹேடன் கோளரங்கம் 2000-இல் புதுப்பிக்கப்பட்டபோது கோள்களின் வரிசையில் புளூட்டோவைச் சேர்க்கவில்லை. செய்தி பரவியதும் இயக்குநர் நீல் டிகிராஸ் டைசனுக்குப் பிள்ளைகளிடமிருந்து கோபக் கடிதங்கள் குவிந்தன. 2006-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியமும் புளூட்டோவைக் குறுங்கோள் ஆக்கிவிட்டது. டைசன் 2009-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதி அக்கடிதங்கள் சிலவற்றையும் அதில் சேர்த்தார். எழுத்துமூலம் கிடைக்கும் வாசகர் கருத்துகளுள் இவற்றைவிட மேலானவை அரிது. தம் புத்தகத்தில் ஒன்பது கோள் இருக்கையில், வானத்தில் எட்டு இருந்தால் பிழை வானத்துடையது என்பது அவர்கள் கட்சி.

பிரான்டோசாரஸ் வழக்கில் பிள்ளைகளே வென்றார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அது அபாட்டோசாரஸ்தான், தனிப்பெயர் கூடாது என்று 1903-இல் விஞ்ஞானி ஒருவர் தீர்ப்பெழுதினார். நூற்றாண்டுக்கு மேல் பிள்ளைகள் அந்தத் தீர்ப்பை மதிக்காமல் பழைய பெயரையே சொல்லிவந்தார்கள். 2015-இல் புதிய ஆய்வு ஒன்று எலும்புகளை மறுபடி அளந்து, பிரான்டோசாரஸ் வேறு பேரினமே என்றது. எங்கள் அடுக்ககத்து ஏழு வயதுக்காரரிடம் இதைச் சொன்னபோது வியக்கவில்லை. “எனக்குத் தெரியும் அங்கிள்” என்றார்.

கதைக்கும் உண்மைக்கும் எல்லையில் ஒரு புழு நெளிகிறது. எரிக் கார்ல் 1969-இல் வெளியிட்ட ‘த வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’. திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய், புதன் மூன்று பிளம் என்று தின்றுகொண்டே போகும். தின்ற இடமெல்லாம் தாளில் உண்மையான துளை. துளையிடும் கருவியால் தாளில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கார்லுக்கு இந்த யோசனையே வந்தது. கடைசியில் அது கக்கூனுக்குள்ளிருந்து வண்ணத்துப்பூச்சியாக வெளியே வருகிறது. பட்டுக்கூடு பின்னுவது விட்டில் இனமல்லவா, வண்ணத்துப்பூச்சிக்கு ஏது கக்கூன் என்று விவரம் தெரிந்த பெரியவர்கள் அரை நூற்றாண்டாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மொட்டைமாடியில் ஒரு பாட்டி பேத்திக்கு இதைப் படங்காட்டிச் சொன்னபோது, பிளம் நாவற்பழமாயிற்று, பேரிக்காய் கொய்யாவாயிற்று. சனிக்கிழமைப் பக்கத்தில் சலாமித் துண்டு வந்தபோது பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ‘இது என்னவோ, அது தின்னுச்சு’ என்று கடந்தார். பேத்திக்கு எதிலும் ஆட்சேபம் இல்லை. அவள் ஆள்காட்டி விரல் ஒவ்வொரு துளையிலும் புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. ஆய்வாளரின் விரல் புகவில்லை. வாசகர் யார் என்பதை நூலாசிரியர் துளையின் விட்டத்திலேயே தீர்மானித்திருக்கிறார்.

புறனடை

ப்ரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் பட நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நல்ல பணி. ஆயினும் கைப்பேசியைக் கடிக்க விடமாட்டார்கள். முதற் சூத்திரத்தின் முதல் நான்கு கருத்துரிமைகளும் அங்கே பறிபோகின்றன.

எனவே பதிப்பாளர்களுக்குச் சில விண்ணப்பங்கள். தமிழில் கெட்டி அட்டை நூல்களை இன்னும் கொண்டுவாருங்கள், மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். மையைப் பற்றி அச்சகத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அது வயிற்றுக்குள்ளும் போகும். மடிப்புக் கதவு வைத்தால் முதலையின் கதவைத் துணிப்பட்டை போட்டு ஒட்டுங்கள். கடைக்காரர்களே, விலைச் சீட்டை யானையின் முகத்தில் ஒட்டாதீர்கள். பின்னட்டையில் இடம் இருக்கிறது.